குடிக்குதாம்

“பிள்ளையார் பால் குடிக்குதாம்!”

1995 செப்டம்பர் 21, வியாழக்கிழமை. தாராவியில் 90 அடி ரோட்டுக்கு உள்ளே, ஒரே கூரைக்குக் கீழே பத்துக் கோலிகள், அதாவது ஒற்றை அறை வீடுகள், வரிசையாக இருக்கும் எங்கள் சாலுக்குச் சேதி இந்த மூன்று வார்த்தையாகத்தான் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் எஸ்டிடி பூத் வைத்திருந்த அண்ணாச்சி. டெல்லியில் இருந்த அவருடைய மச்சினன் காலையிலேயே போன் போட்டிருக்கிறார். சாலில் பாதிப் பேருக்கு அந்த பூத்தின் எண்தான் பி.பி. நம்பர். ஊரில் சாவு, பிரசவம், மணியார்டர் வந்த விவரம் எல்லாம் அண்ணாச்சி வழியாகத்தான் வரும். அவர் வந்து சொன்னால் அது சேதி.

ஆச்சி அப்போதுதான் ஆரே பால் பாக்கெட்டைப் பிரித்துக் கொதிக்க வைக்கப் போயிருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு, பச்சைப் பாலை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக்கொண்டு, ஒரு கரண்டியையும் எடுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள். அம்மாவுக்கு அப்போது 18 வயது. இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றதாகச் சொல்கிறாள். ஆச்சி மூன்று கரண்டி கொடுத்தாளாம். மூன்றும் காலியாகிவிட்டதாம்.

நான் பிறந்தது 2001-இல். இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தேன். வளர வளர அந்த நாளைப் பற்றித் தேடிப் படித்தபோது, ஒரு சாலுக்குள் நடந்த கதை எவ்வளவு பெரிதாக விரிந்திருக்கிறது என்று திகைத்துப்போனேன். டெல்லியின் தென்பகுதியில் ஒரு கோயிலில் விடியும் முன்னே தொடங்கியிருக்கிறது. காலை முடிவதற்குள் வட இந்தியா முழுக்கப் பரவி, மதியத்துக்குள் லண்டன் சவுத்தால் கோயில் வரை போய்விட்டது. டெல்லியில் அன்று பால் விற்பனை 30 சதவீதத்துக்கு மேல் ஏறியது என்று எழுதினார்கள். இத்தனைக்கும் இந்தியாவின் முதல் கைபேசி அழைப்பு நடந்து அன்றைக்கு 52 நாள்தான் ஆகியிருந்தது. ஜூலை 31-ஆம் தேதி கல்கத்தாவில் இருந்து ஜோதி பாசு, டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமோடு பேசினார். பொதுமக்களுக்கு இணையம் வந்ததும் அதே ஆண்டு ஆகஸ்ட் 15-இல்தான். இரண்டுமே எங்கள் சாலுக்குள் எட்டிப்பார்க்கப் பல வருஷம் இருந்தது. ஆக, நாட்டையே ஒரே நாளில் கோயில் வாசலுக்கு இழுத்தது மஞ்சள் பெயின்ட் அடித்த டெலிபோன் பூத்தும், மச்சினன்மாரும், அண்ணாச்சிமாரும்தான். இன்றைக்கு எல்லாவற்றுக்கும் போனைக் குறை சொல்கிறவர்களிடம் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

நடந்தது என்ன என்பதை அன்றைக்கே விளக்கிவிட்டார்கள். மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் தகவல் பரப்புக் குழுவைச் சேர்ந்த விஞ்ஞானிகள் டெல்லியில் ஒரு கோயிலுக்குப் போய், பாலில் நிறம் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். கரண்டியில் விளிம்பு வரை நிறைந்த பால், விளிம்புக்கு மேலும் சற்றே உப்பி நிற்கும். பரப்பு இழுவிசை அதைச் சிந்தவிடாமல் பிடித்துக்கொள்ளும். அந்த உப்பலை ஈரமான தும்பிக்கையில் தொட வைத்தால் பால் கல்லைப் பற்றிக்கொண்டு, மெல்லிய படலமாகக் கீழே இறங்கத் தொடங்கும். ஒரு முறை பாதை போட்டுவிட்டால் பின்னால் இருக்கும் பால் அதைத் தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கும். வெள்ளைப் பளிங்கில் வெள்ளைப் பால் வழிவது கண்ணுக்குத் தெரியாது. நிறம் கலந்ததும் தெரிந்தது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. வரிசையில் நின்ற யாரும் பொய் சொல்லவில்லை. கரண்டியில் பால் குறைந்ததை ஆச்சி தன் கண்ணால் பார்த்தாள். பார்த்தது “பால் குறையுது” என்பதை. வீட்டுக்கு வந்து சொன்னது “குடிக்குது” என்று. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் அன்றைக்கு நாட்டையே வரிசையில் நிறுத்தியது.

அதைவிடச் சின்னதாக இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. அண்ணாச்சி சொன்னது “குடிக்குதாம்”. கோயிலில் இருந்து திரும்பிய ஆச்சி பக்கத்துக் கோலியில் சொன்னது “குடிக்குது”. இடையில் ஓர் “ஆம்” உதிர்ந்துவிட்டது.

தமிழில் இந்த “ஆம்” ஓர் அருமையான கருவி. தனியே நின்றால் “உண்மைதான்” என்று பொருள். வினையின் வாலில் ஒட்டினால் “நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டது” என்று பொருள். மழை பெய்யுது என்பவர் ஜன்னல் பக்கம் நிற்கிறார். மழை பெய்யுதாம் என்பவர் போனைக் கீழே வைத்திருக்கிறார். இதை நமக்கு யாரும் வகுப்பில் சொல்லித்தரவில்லை. ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தானாம் என்று கதை கேட்கும் வயதிலேயே வந்து ஒட்டிக்கொள்கிறது. இதே வேலையைச் செய்ய மராத்தியில் ‘ம்ஹணே’ என்று ஒரு சொல் இருக்கிறது. வாக்கியத்தின் ஓரத்தில் அதை ஒட்டிவிட்டால், சொல்கிறவர் தன் தலையில் பொறுப்பைப் போட்டுக்கொள்ளவில்லை என்று அர்த்தம். பத்திரிகைக்காரர்களின் “கூறப்படுகிறது”, “தெரிகிறது” எல்லாம் சட்டை போட்டுக்கொண்ட “ஆம்”தான்.

சேதியின் வாலில் இந்த இரண்டெழுத்து ஒட்டியிருக்கும் வரை அது கேள்விப்பட்டதாகவே இருக்கிறது. கேட்பவர் நின்று யோசிக்க இடம் இருக்கிறது. அது எங்கே, யார் கையில் உதிர்கிறது என்பதைத்தான் நான் சில வருஷமாகக் கவனித்துக்கொண்டிருக்கிறேன். கறுப்பாக வாந்தி எடுத்தவன் கதை ஊர் சுற்றி வருவதற்குள் காக்கா காக்காவாக வாந்தி எடுத்த கதை ஆனதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அந்தக் கதையிலும் ஒவ்வொருவரும் ஓர் “ஆம்” போட்டிருந்தால் காக்கா வந்திருக்காது.

எல்லா “ஆம்”களும் பாலோடு முடிவதில்லை. அதே சாலுக்கு, அதே பூத் வழியாக, பால் வருவதற்கு மூன்று வருஷம்கூட முன்னால் இல்லை, வேறு சேதிகள் வந்துகொண்டிருந்தன. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பம்பாய் எரிந்த நாட்கள். தாத்தா தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். பட்டறை மூடியிருந்தது. ராத்திரி முழுக்க சால் முனையில் மற்ற ஆண்களோடு கையில் கம்பி வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். “வாராவளாம்” என்பதுதான் தினமும் இருட்டியதும் வரும் சேதி என்கிறாள் ஆச்சி. யார், எங்கிருந்து, எத்தனை பேர் என்று எதுவும் கிடையாது. பிறகு ஒரு நாள், நாலு சந்து தள்ளிக் குடியிருந்த முஸ்லிம் குடும்பத்து ஆட்களோடு தாத்தா டீ குடித்தபோது தெரிந்தது, அவர்களும் அதே ராத்திரிகளில் அதே சேதியைக் கேட்டுக் கம்பியோடு நின்றிருக்கிறார்கள். அந்தக் கலவரங்களில் 900 பேர் இறந்ததாக, அவற்றை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பதிவு செய்தது.

பால் சேதியையும் இந்தச் சேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. பால் சேதி ஒரு கரண்டி பாலைத்தான் கேட்டது. உண்மையா என்று பார்க்க யாருக்கும் வழி இருந்தது, கரண்டியும் சிலையும் போதும். “வாராவளாம்” கேட்டது கம்பியை. சோதித்துப் பார்க்கவும் வழி இல்லை, இருட்டுக்குள் போய் யார் எட்டிப்பார்ப்பது? ஒரு வதந்தி எவ்வளவு தூரம் பரவியது, எத்தனை பேர் நம்பினார்கள் என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். அது வந்து நம்மிடம் என்ன கேட்கிறது என்பது அதைவிடப் பெரிய கேள்வி என்று எனக்குப் படுகிறது.

கேட்பது தண்ணீராக இருந்த ஒரு நாளும் எனக்கு நினைவு இருக்கிறது. 2006 ஆகஸ்ட் 18, வெள்ளிக்கிழமை ராத்திரி. மாஹிம் கடல் இனிக்கிறது என்று சேதி. எனக்கு ஐந்து வயது. தாராவியில் இருந்து மாஹிம் கழிமுகம் நடந்து போகும் தூரம்தான். அப்பா போய் ஒரு பிஸ்லேரி பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்தார். அதற்குள் டிவி சேனல்கள் கேமராவோடு வந்துவிட்டன, எஸ்எம்எஸ் பறந்தது. ஆயிரக்கணக்கான பேர் முழங்கால் ஆழத்தில் நின்று அள்ளி அள்ளிக் குடித்தார்கள். அருகில் மக்தூம் அலி மாஹிமியின் தர்கா. 15-ஆம் நூற்றாண்டில் மறைந்த அந்த சூஃபி ஞானியின் அருள் என்றார்கள் பலர். குஜராத்தில் தீத்தல் கடற்கரையிலும் இனிக்கிறது என்று மறுநாளே சேதி வந்தது.

அம்மா அந்த பாட்டிலை வாசல்படி தாண்டவிடவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. “மித்தி நாலா தண்ணி இது, வருஷம்பூரா நம்ம முதுகுக்குப் பின்னாலதான ஓடுது” என்றாள். அம்மா சொன்னதும், பிறகு நிபுணர்கள் சொன்னதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகஸ்ட் மாதம், கொட்டும் மழை. மித்தி ஆறு மழைநீரைக் கொண்டுவந்து மாஹிம் கழிமுகத்தில்தான் கொட்டுகிறது. மழைநீர் உப்புநீரைவிட லேசானது, மேலாக மிதந்து நிற்கும். கரையோரப் பாறைப் பிளவுகளில் தேங்கியிருந்த மழைநீர் வெளியேறியிருக்கலாம் என்று ஐஐடி பம்பாயின் புவியியலாளர்கள் சொன்னார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குடிக்காதீர்கள் என்று எச்சரித்தது. மறுநாள் மதியம் இரண்டு மணி வாக்கில் வந்தவர்கள் வாயில் வைத்துவிட்டு, உப்பு என்று துப்பினார்கள்.

அதற்கு முந்தைய வருஷம், 2005 ஜூலை 26-இல் சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து, இதே மித்தி ஆறு வீடுகளுக்குள் ஏறியது. அதைத் தன் கோலிக்குள் பார்த்தவர் அப்பா. அந்தத் தண்ணீர் என்ன தண்ணீர் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். பிறகு ஏன் போனார்? ரொம்ப நாள் கழித்துக் கேட்டேன். “நல்ல தண்ணி சும்மா கிடைக்குதுன்னு சொன்னா, பொய்யா இருந்தாலும் போய்ப் பாக்கத் தோணும்ல” என்றார். விடியும் முன்னே எழுந்து, குழாயில் தண்ணீர் வரும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் டிரம் நிறைத்தவருடைய பதில் இது. அன்றைக்குக் கடலில் இறங்கியவர்களை முட்டாள்கள் என்று எழுதியவர்கள் உண்டு. கடலே குடிதண்ணீர் ஆகாதா என்ற ஏக்கம் யாருக்கு வரும் என்பதை அவர்கள் யோசித்திருக்கலாம்.

விலே பார்லேயில் 2012 மார்ச்சில் நடந்தது இன்னும் சிக்கல். அங்குள்ள வேளாங்கண்ணி மாதா ஆலயத்தில் சிலுவையில் இயேசுவின் பாதத்தில் இருந்து நீர் சொட்டியது. வேளாங்கண்ணி என்றால் மும்பைத் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டுமா, எங்கள் சாலில் மதம் பார்க்காமல் மாதாவுக்கு நேர்ந்துகொள்கிறவர்கள் உண்டு. பக்கத்து வீட்டு அக்கா போய் அந்த நீரைச் சின்னக் குப்பியில் கொண்டுவந்தார். பகுத்தறிவாளர் சனல் எடமருகு போய்ப் பார்த்து, அருகில் இருந்த கழிவுநீர்க் குழாய் அடைப்பில் இருந்து சுவர் வழியாக, நுண்துளை ஏற்றத்தால் நீர் மேலேறிச் சொட்டுகிறது என்றார். டிவியில் வாக்குவாதம் முற்றியது. இந்திய தண்டனைச் சட்டம் 295-ஏ பிரிவின் கீழ் அவர் மீது புகார்கள் பதிவாயின. அந்த ஆண்டு ஜூலையில் ஃபின்லாந்துக்குப் போனவர் திரும்பவில்லை.

295-ஏ என்பது 1927-இல் வெள்ளைக்காரன் காலத்தில் சேர்த்த பிரிவு, 2024-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 299 என்ற எண்ணோடு தொடர்கிறது. மத உணர்வைத் திட்டமிட்டு, கெட்ட நோக்கத்தோடு புண்படுத்தினால் மூன்று வருஷம் வரை சிறை. இன்னொரு பக்கம், 1976-இல் அரசியலமைப்பின் 42-ஆவது திருத்தத்தின் மூலம் வந்த 51-ஏ பிரிவு, அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பதைக் குடிமக்களின் கடமை என்கிறது. ஒரே நாட்டின் சட்டப் புத்தகத்தில் இரண்டும் இருக்கின்றன. சொட்டும் நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துச் சொன்னது குற்றம் ஆக முடியாது என்பதே என் எண்ணம். மாதாவிடம் அந்த அக்காவுக்கு இருக்கும் நம்பிக்கை ஒரு குழாயில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. அவர் குப்பியை ரொம்ப நாள் வைத்திருந்தார், விஷயம் தெரிந்த பிறகு யாருக்கும் குடிக்கக் கொடுக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவதையும் விடவில்லை. மகாராஷ்டிராவில் மூடநம்பிக்கைக்கு எதிராக வாழ்நாளெல்லாம் உழைத்த நரேந்திர தாபோல்கரை 2013 ஆகஸ்ட் 20 காலை புனேயில் நடைப்பயிற்சியின்போது சுட்டுக் கொன்றார்கள். அவர் பல வருஷம் கேட்டுவந்த சட்டம் அதற்குப் பிறகுதான், நான்கே நாளில் அவசரச் சட்டமாக வந்தது. இதை எழுதும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

2018-க்கு வருவோம். அந்த வருஷம் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. மே 9-ஆம் தேதி, சென்னையில் இருந்து குலதெய்வக் கோயிலைத் தேடிப்போன ஒரு குடும்பம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில் அத்திமூரில் வழி கேட்க வண்டியை நிறுத்தியது. வண்டியில் இருந்த 65 வயது அம்மா, அங்கே நின்ற பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று கூடிய கூட்டம் அடித்ததில் அவர் இறந்துபோனார். ஜூலை 1-ஆம் தேதி, எங்கள் மாநிலத்தில் துலே மாவட்டம் ரைன்பாடாவில், ஊர் ஊராகப் போய்ப் பிச்சை எடுக்கும் நாத்பந்தி தவ்ரி கோசாவி சமூகத்தைச் சேர்ந்த ஐந்து ஆண்களைச் சந்தை நாளில் அதே சந்தேகத்தில் அடித்தே கொன்றார்கள்.

அந்த மாதங்களில் வாட்ஸ்அப்பில் சுற்றிய ஒரு வீடியோ எனக்கும் வந்தது. பைக்கில் வரும் இருவர், தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறப்பார்கள். அது பாகிஸ்தானில் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் பைக் திரும்பி வரும், குழந்தையை இறக்கி விடுவார்கள், பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசி நொடிகளை யாரோ வெட்டிவிட்டார்கள். படத்தின் “ஆம்” அந்த நொடிகளில்தான் இருந்தது.

தொழில்நுட்பம் புதிதாகச் செய்தது இது என்று நான் புரிந்துகொள்கிறேன். அண்ணாச்சி ஒரு சேதியைக் கடத்த வேண்டுமென்றால் அதைத் தன் வாயால் திரும்பச் சொல்ல வேண்டும். சொல்லும்போது அவர் குரல், அவர் சந்தேகம், அவர் “ஆம்” எல்லாம் அதில் ஏறும். ஃபார்வேர்டு பொத்தானை அமுக்குகிறவர் எதையும் சொல்வதில்லை. சேதி அவர் வாய்க்குள் போகாமலே அவரைத் தாண்டிப் போகிறது. “ஆம்” ஒட்டுவதற்கு வினைச்சொல் கிடையாது. ஆனால் வாங்குகிறவருக்கு அது பெரியம்மாவிடம் இருந்து, மாமாவிடம் இருந்து வந்ததாகத்தான் தெரியும். பிரியமானவர் அனுப்பினார் என்ற நம்பிக்கை முழுசாக வந்துவிடுகிறது, அவர் பார்த்தாரா கேட்டாரா என்பது மட்டும் வருவதில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவானதும் எங்கள் சாலில் போன் இல்லாத கோலியே இல்லை என்றானது. 2019-இல் இந்தியாவில் வாட்ஸ்அப்பை 40 கோடிப் பேர் பயன்படுத்துவதாக அந்த நிறுவனமே சொன்னது. நாற்பது கோடிப் பேரும் மச்சினன், நாற்பது கோடிப் பேரும் அண்ணாச்சி.

என் கையும் இதில் உண்டு. 2020 ஏப்ரல் 14. ஊரடங்கு அன்றோடு முடியும் என்று காத்திருந்தார்கள், காலையில் பிரதமர் மே 3 வரை நீட்டித்து அறிவித்தார். பாந்த்ராவில் இருந்து வெளியூர்த் தொழிலாளர்களுக்கு ரயில் விடப்போகிறார்கள் என்று ஒரு டிவி செய்தியின் ஸ்கிரீன்ஷாட் எனக்கு வந்தது. நான் குடும்பக் குழுவில் போட்டேன். சித்தப்பா அப்போது தாராவியில் ஒரு தையல் பட்டறையிலேயே தங்கி வேலை பார்த்தார். சித்தியும் பிள்ளைகளும் சங்கரன்கோவிலில். தாராவியில் முதல் தொற்று தெரிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. சித்தப்பா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மித்திப் பாலத்தைத் தாண்டுவதற்கு முன்னாலேயே போலீஸ் திருப்பி அனுப்பியது. அதற்குள் பாந்த்ரா ஸ்டேஷன் வாசலில் ஆயிரத்துக்கு மேல் கூடி, தடியடி நடந்துகொண்டிருந்தது. கூட்டம் ஒரு மசூதியின் அருகில் நின்றதால் சாயங்காலத்துக்குள் அந்தக் காட்சிக்கு மதச் சாயம் பூசி வேறொரு வதந்தி கிளம்பியது.

நான் போட்டது செய்தி. ஆனால் அது உள்ளுக்குள் நடந்த ஆலோசனை பற்றிய செய்தி, முடிவு அல்ல. ஸ்கிரீன்ஷாட்டில் தலைப்பு மட்டும்தான் இருந்தது. “ரயில் விடப்போறாங்களாம் சித்தப்பா, நிச்சயமாத் தெரியல” என்று நான் டைப் அடித்திருக்கலாம். எனக்கு அப்போது 19 வயது, படித்தவள், வீட்டில் எல்லோருக்கும் எது பொய் எது மெய் என்று சொல்கிறவள். அன்று சித்தப்பா திரும்பி வந்து பட்டறைப் படியில் உட்கார்ந்திருந்ததை வீடியோ காலில் பார்த்தேன். பையைக் கீழே வைக்கவே இல்லை, மடியிலேயே வைத்திருந்தார்.

நிறுவனங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2018 ஜூலையில் வாட்ஸ்அப், கைமாறி வந்த செய்திக்கு ‘ஃபார்வேர்டட்’ என்ற அடையாளம் போடத் தொடங்கியது. அதே மாதம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. ஐந்து கை தாண்டியவற்றுக்கு இரட்டை அம்புக்குறி வந்தது. 2020 ஏப்ரலில் அவற்றை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டும் என்று சுருக்கியதும், அத்தகைய செய்திகளின் போக்குவரத்து 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனம் தெரிவித்தது. அந்தச் சாம்பல் நிற அம்புக்குறி வேறென்ன, இயந்திரம் ஒட்டும் “ஆம்”தான். நம் மொழியில் இலவசமாக இருந்ததை இரண்டு ஊரில் ஆட்கள் செத்த பிறகு ஒரு நிறுவனம் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அரசே எது பொய் என்று முத்திரை குத்தட்டும் என்ற யோசனையும் வந்தது. மத்திய அரசின் வேலைகள் பற்றிய செய்திகளில் எது போலி என்று மத்திய அரசின் பிரிவே முடிவு செய்ய, 2023 ஏப்ரலில் விதி கொண்டுவந்தார்கள். 2024 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் மாறுபட்டுத் தீர்ப்புச் சொன்னார்கள். மூன்றாவது நீதிபதியிடம் போய், செப்டம்பரில் அந்த விதி செல்லாது என்று ஆனது. சரியான தீர்ப்பு. தன் மீதான புகாரைத் தானே விசாரிக்க யாரையும் விடக் கூடாது.

இப்போது வருகிறவற்றுக்கு அம்புக்குறியும் போதாது. கடலுக்கு நடுவில் எழுந்து நிற்கும் முருகன் சிலை, அதன் தோளில் படம் எடுத்த நாகம் என்று ஆச்சிக்குத் தினமும் ஒரு படம் வருகிறது. எல்லாம் செயற்கை நுண்ணறிவு செய்தவை. ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னிடம் கேட்பாள்: “ஏட்டி, இது எடுத்ததா, வரைஞ்சதா?” வரைஞ்சது என்றால், “நல்லாத்தான் வரைஞ்சிருக்காவ” என்று கும்பிட்டுவிட்டு அடுத்ததற்குப் போவாள். காலண்டர் முருகனையும் யாரோ வரைந்தவர்தானே, அவளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. எனக்குப் பயம் குரலில்தான். சில நொடிப் பதிவு இருந்தால் ஒருவர் குரலைச் செய்துவிட முடிகிறது. பேரன் குரலில் ஆஸ்பத்திரியில் இருந்து பணம் கேட்டால், அங்கே “ஆம்” எதில் ஒட்டும்? அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பணம் என்று யார் குரல் கேட்டாலும் வைத்துவிட்டு, நம் கையால் அந்த நம்பருக்குத் திரும்பப் போட வேண்டும். எந்தச் சேதியும் என்ன கேட்கிறது என்று பார். பால் என்றால் போகட்டும். பணமோ, கம்பியோ, ஓட்டமோ கேட்டால் உட்கார்.

உட்காருவது ஆச்சிக்கு நான் கற்றுக்கொடுத்ததல்ல. அம்மாவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது ஆச்சி பூக்கட்டிப் பார்த்தாளாம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தது. வந்த பிறகும் ஊருக்கு ஆள் அனுப்பி மாப்பிள்ளை குடிப்பாரா, கடன் உண்டா என்று மூன்று மாதம் விசாரித்திருக்கிறாள். சாமி சொன்ன பிறகு எதற்கு விசாரணை என்று கேட்டேன். “சாமி சரின்னு சொல்லிச்சு. விசாரிக்காண்டாம்னு சொல்லலையே” என்றாள். நம்பிக்கைக்காரர்கள்தான் வதந்திக்கு முதலில் பலியாகிறார்கள் என்று படித்தவர்கள் பேசும்போதெல்லாம் எனக்கு இந்தப் பதில் ஞாபகம் வரும். அவள் நம்பிக்கையில் காத்திருப்பதற்கு இடம் இருந்தது. என் போனில் அது இல்லை.

போன மாதம், டியூஷனுக்கு வரும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரப்பு இழுவிசை நடத்தினேன். ஒரு ரூபாய் நாணயத்தின் மேல் எத்தனை சொட்டுத் தண்ணீர் நிற்கும் என்று கேட்டால் ஐந்து, ஆறு என்பார்கள். இருபதைத் தாண்டியும் நிற்கும், கண்ணாடிக் குமிழ் போல. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி, தானே போய்ப் பூசை அலமாரியில் இருந்து பளிங்குப் பிள்ளையாரை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். “செஞ்சு காட்டு, நானும் பாக்கேன்.”

பாலில் மஞ்சள் பொடி கலந்தேன். கரண்டியை நிறைத்து ஆச்சி கையிலேயே கொடுத்தேன். 1995-இல் பிடித்த மாதிரியே பிடித்தாள், கை லேசாக நடுங்கியது. பால் தும்பிக்கையைத் தொட்டதும் சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கரண்டி மட்டம் மெதுவாக இறங்கத் தொடங்கியது. பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்த்தார்கள். தும்பிக்கையின் அடியில், வயிற்று மடிப்பில், பாதத்தில் என்று மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று இறங்கி வந்து பீடத்தில் தேங்கியது.

“அப்போ அன்னைக்கு ஏமாந்துட்டீங்களா ஆச்சி?” என்றான் ஒருவன்.

“குடிக்கலேன்னு ரெண்டு நாள்ல தெரிஞ்சு போச்சுய்யா. மறுநாளும் வெளக்கு ஏத்துனேன்லா.”

இன்னொருவன் அதற்குள் வாசலுக்கு ஓடி, எதிர்க் கோலியில் இருந்த தன் அம்மாவிடம் கத்தினான்: “ம்மா, பிள்ளையார் மேல பால் வழியுது! கீழ எறங்குது!”

ஆச்சி பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிள்ளையாரைத் துடைத்தாள். பளிங்கில் மஞ்சளைக் கலந்ததற்கு எனக்குத் திட்டு விழுந்தது. எவ்வளவு துடைத்தும் தும்பிக்கை மடிப்பில் மட்டும் கறை போகவில்லை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இருக்கட்டும். மஞ்சள்தான” என்று சொல்லிவிட்டு அலமாரியில் திரும்ப வைத்தாள்.